சிலுவை போடாத கடிதங்கள்

✝
தாமான் மெலோர், கிள்ளான்
9 பிப்ரவரி 2025

அன்பு அக்கா விவியனுக்கு,

தம்பி கெல்வின் எழுதுகிறேன். நான், ஷெர்லி, அவளுடைய பாலர்பள்ளி வாண்டுகள் எல்லாரும் சுகம். உன் முட்டிவலி எப்படி? வாலண்டைன் அத்தானுக்கு இரத்த அழுத்தம் இறங்கியதா?

கொமுட்டர் ரயில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடலாம், இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பாய். போன மாதம் கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்ட ஒரு கேள்வி, மதியச் சாப்பாட்டுக்குள் ஸ்க்ரீன்ஷாட்டாகிக் கிள்ளான் முழுக்கச் சுற்றிவிட்டது. நேரில் வந்தால் உன் வீட்டில் எப்போதும் கட்சிக் கூட்டம். அதனால்தான் பேனா. அம்மா பழக்கியபடி மேலே சிலுவையும் போட்டுவிட்டேன்.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளநீர்க் குளத்தை மூடிவிட்டு, அங்கே கொண்டோமினியம் என்று சொகுசு அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். ஜூலையில் எங்கள் நகராண்மைக் கழகக் கூட்டத்துக்கு வருகிறது. 2021 வெள்ளத்தில் குளம் இருந்தபோதே பாலர்பள்ளிக்குள் இடுப்பளவு தண்ணீர். குட்டி நாற்காலிகள் மிதந்ததை நீயும் வந்து பார்த்தாய். அந்தக் குளமும் போய்விட்டால் கீழ்மாடியில் யாரும் குடியிருக்க முடியாது.

அத்தானுக்கு இது தெரிந்திருக்காது. சட்டமன்ற உறுப்பினர் தலையில் ஆயிரம் வேலை. என்னைக் கழக உறுப்பினராக நியமிக்கச் சொன்னவரே அவர்தான். செந்தூல் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டாரே, மறக்க முடியுமா? டிராம் வண்டி கண்டக்டர் ஒருவன் நகரசபைக்குப் போய்த் தனியாளாக நிற்பான். கடைசியில் சபைத் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அவன் பக்கத்தில் நிற்பார். அந்த இடத்தில் அத்தான் விக்கி விக்கி அழுதார். நான் பொதுவாழ்க்கைக்கு வந்ததே அன்றைக்குத்தான்.

நீ அவர் காதில் போட்டு வை. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

உன் தம்பி,
கெல்வின்

✝
பிரிக்பீல்ட்ஸ்
6 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்கு முட்டியைக் காரணம் சொல்லலாம், ஆனால் முட்டியால் யாரும் எழுதுவதில்லை. சும்மா தள்ளிப்போட்டேன்.

உன் கடிதத்தின் மேல் சிலுவையைப் பார்த்ததும் அம்மா ஞாபகம். நமக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு லீவுக் கடிதம் எழுதுவாளே! நிஜக் காய்ச்சல் என்றால் மேலே சிலுவை இருக்கும். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகப் பொய்க் காய்ச்சல் என்றால் சிலுவை இருக்காது. "பொய்க்கு மேல சாமிய ஒக்கார வைக்காதீங்க" என்பாள். வாத்தியார் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

உன் அத்தானிடம் சொன்னேன். கடிதத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். "பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

இங்கே விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. போன வாரம் மீன்கறியை மூன்று தடவை சூடாக்கினேன், யாரும் மேசையை விட்டு எழுந்திருக்கிற வழியாக இல்லை. சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரித்தால் தட்டை எங்கே வைப்பது?

அந்தக் குளத்தில் நீ ரொம்ப இறங்காதே. படம் வேறு, பிழைப்பு வேறு. சர்க்கரையைக் குறை. ஷெர்லிக்கு என் முத்தங்கள்.

அக்கா

✝
தாமான் மெலோர்
23 மார்ச் 2025

அன்பு அக்கா,

சுகம்தானே? எனக்குச் சர்க்கரை குறையவில்லை, கோபம்தான் ஏறியிருக்கிறது.

அத்தான் என்னைக் கிள்ளான் வாழையிலைக் கடைக்குக் கூப்பிட்டார். கட்டிப்பிடித்தார். கண்டக்டரின் கடைசி வசனத்தை ஒரு வரி விடாமல் சொன்னார், கண்கூடக் கலங்கியது. பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கெல்வின், அது சினிமாலா. கவுன்சில்ல தனியா கை தூக்கறவனோட கைதான் வலிக்கும். ஷெர்லி பாலர்பள்ளி லைசென்ஸ் அடுத்த வருஷம் ரினியூ பண்ணணும் இல்ல? யோசிச்சிக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பாதிச் சாதத்தோடு இலையை மூடிவிட்டேன்.

ஆனாலும் அக்கா, கண் கலங்கிய மனிதர் முழுக்கக் கெட்டுப்போயிருக்க மாட்டார். யாரோ அவரை நெருக்குகிறார்கள். நான் கூட்டத்தில் எழுந்து நின்றால் அவர் என் பக்கம் வருவார், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஒத்திவைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய இன்னொரு உறுப்பினர் வேண்டும், இல்லாவிட்டால் தீர்மானம் நிற்காது. சுகுமாறன் சம்மதித்துவிட்டார். இது அவருக்கும் எனக்கும் இப்போது உனக்கும் மட்டும்தான் தெரியும். அத்தானுக்கு நானே பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

கெல்வின்

பிரிக்பீல்ட்ஸ்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி கெல்வினுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் முயற்சி பாராட்டத்தக்கது. உனக்கு ஆதரவாக வேறு எந்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள்? குடியிருப்பாளர்கள் கூட்டத்துக்கு வருவார்களா? அவர்களை யார் அழைத்து வருகிறார்கள்? பத்திரிகைக்காரர்களிடம் ஏதாவது பேசியிருக்கிறாயா? விவரமாக எழுது. உனக்கு உதவ முடியுமா என்று பார்க்கிறேன்.

ஷெர்லியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
விவியன்

✝
தாமான் மெலோர்
27 ஏப்ரல் 2025

அன்பு அக்கா,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்துகள். போன தடவை நீ எழுதியது மாவட்ட அலுவலகக் கடிதம் மாதிரி இருந்தது, ஷெர்லி படித்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் உதவுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இத்தனை நாள் நீ எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவித்தேன்.

கேட்டதற்குப் பதில். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் கமலநாதன், வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களைப் பார்வையாளர் பகுதிக்குக் கூட்டி வருகிறார். பத்திரிகை பக்கம் இன்னும் போகவில்லை.

வருத்தமான செய்தி ஒன்று. சுகுமாறனைக் குப்பை மேலாண்மை படிக்க ஜப்பானுக்கு அனுப்புகிறார்களாம், சரியாகக் கூட்டம் நடக்கிற வாரத்தில். இத்தனை வருஷம் அவரைப் பக்கத்து ஊருக்குக்கூட அனுப்பியதில்லை. "நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல கெல்வின். நீ?" என்று கேட்டார். நானும் இல்லை என்றேன்.

முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

கெல்வின்

பிரிக்பீல்ட்ஸ்
14 மே 2025

அன்புள்ள தம்பி கெல்வினுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கமலநாதனை நம்ப வேண்டாம். அவருடைய மகனுக்குக் கழகத்தில் வேலை கிடைக்கப் போகிறது என்று கேள்வி. உன் உடல்நிலையும் சரியில்லை. உடல்நலக் காரணம் காட்டிப் பதவி விலகினால் உனக்கும் மரியாதை, குடும்பத்துக்கும் நிம்மதி. பாலர்பள்ளி உரிமம் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்காது. அத்தான் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார்.

நல்ல முடிவை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
விவியன்

✝
தாமான் மெலோர்
8 ஜூன் 2025

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. ஞாயிறு பூசைக்கு உன் கோவிலுக்கு வந்து, பாட்டுக்குழுவில் பாடும் உன் தோழி டொரத்தி அக்கா கையில் கொடுத்திருக்கிறேன். நீ தூணுக்கு அந்தப் பக்கம், அத்தானோடு உட்கார்ந்திருந்தாய். இளைத்துவிட்டாய்.

கமலநாதனைப் பற்றி நான் எழுதி மூன்று வாரம் ஆகவில்லை, அவர் மகனுக்கு வேலை ஆணை வந்தது. மனுஷன் இப்போது என்னைப் பார்த்தால் சந்து மாறிப் போகிறார். சுகுமாறன் பெயரை உன்னைத் தவிர யாருக்கும் நான் எழுதவில்லை. உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் காகிதம் கிழிந்துவிடும். உன் கடிதங்களைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். முதல் கடிதத்தில் சிலுவை இருக்கிறது. கடைசி இரண்டிலும் இல்லை.

அம்மாவின் பொய்க் காய்ச்சலை நீ ஏன் எனக்கு ஞாபகப்படுத்தினாய்? சும்மா பேச்சுக்கா, இல்லை அப்போதே ஏதோ தெரிந்தா? அந்த இரண்டு கடிதங்களும் உன்னுடையவைதானா? யார் சொல்லச் சொல்ல எழுதினாய்?

உண்மையை எழுது அக்கா. எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.

கெல்வின்

✝
பிரிக்பீல்ட்ஸ்
22 ஜூன் 2025

என் மரமண்டைத் தம்பிக்கு,

புரிந்துகொள்ள உனக்கு இவ்வளவு நாளா! அந்த இரண்டாவது பொய்க் கடிதத்தை மூடும்போது, இவன் இதையும் கவனிக்கமாட்டான் என்று குளியலறையில் போய் அழுதேன்.

உன் முதல் கடிதத்துக்குப் பிறகு தபால்பெட்டிச் சாவி டிரைவர் கைக்குப் போய்விட்டது. உன் கடிதங்கள் உன் அத்தான் படித்த பிறகுதான் எனக்கு வருகின்றன. சுகுமாறன் பெயர் வந்த அன்றைக்கு என்னை மேசையில் உட்காரவைத்து, அவரே நடந்துகொண்டு சொல்ல, நான் எழுதினேன். மாட்டேன் என்றேன். "உன் தம்பி உள்ள போறத பாக்கணுமா? லஞ்சம் வாங்கினான்னு ஒருத்தன் சொன்னா போதும்" என்றார். பயந்துவிட்டேன் தம்பி. எழுதிக்கொண்டிருக்கும்போதே என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. சிலுவையை மட்டும் போடவில்லை. அவர் மிஷன் பள்ளிப் பிள்ளை என்றாலும் வீட்டில் கடிதம் எழுதி வளர்ந்தவரில்லை, கவனிக்கவில்லை.

இன்னொன்று. பொய்க் காய்ச்சலை நான் ஞாபகப்படுத்தியது சும்மா இல்லை. அதற்கு முந்திய வாரம் என் மேசையில் விரித்த வரைபடம் உன் குளம்தான். உங்கள் நகராண்மைக் கழகத் தலைவர், கொண்டோ கட்டுகிற முதலாளி, உன் அத்தான், மூவரும் இருந்தார்கள். யாரும் அவரை நெருக்கவில்லை. பேனா அவர் கையில்தான் இருந்தது. அதை உனக்கு எழுத அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் நாற்காலியை விட்டு இறங்கி உன் பக்கம் வருவார் என்று காத்திருக்காதே. படத்தில் அழுகிற மனிதர்தான் அவர். விளக்குப் போட்டதும் கண்ணைத் துடைத்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். முப்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன்.

விட்டுவிடு. இது நான் சொல்வது, மேலே சிலுவை இருக்கிறது. ஷெர்லி பிழைப்பும் போய், நீயும் உள்ளே போனால் என்னால் தாங்க முடியாது. இந்த வயதில் எனக்கும் போக இடமில்லை.

இதை டொரத்தி கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கடிதத்தை என் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். அதை அவர் திறப்பதில்லை.

அக்கா

தாமான் மெலோர்
10 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம். நீங்கள் சொன்னதைத் தீர யோசித்தேன். எனக்கும் களைத்துவிட்டது. ஷெர்லியோடு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிறேன். 24ஆம் தேதி கூட்டத்துக்கு வரமாட்டேன். திரும்பி வந்ததும் விலகல் கடிதம் கொடுத்துவிடுகிறேன். அத்தான் மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னிக்கவும்.

கெல்வின்

✝
தாமான் மெலோர்
26 ஜூலை 2025

அன்பு அக்கா,

நீ செந்தூலில் டொரத்தி அக்கா வீட்டில் இருக்கிறாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாளாக எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாப்பிட்டாயா? மாற்றுத்துணி இருக்கிறதா? ஷெர்லி ஒரு பை கட்டி வைத்திருக்கிறாள்.

தபாலில் போட்ட பொய்யை நீ புரிந்துகொள்வாய் என்று தெரியும். புனித அன்னாளை வேறு இழுத்துவிட்டேன், மன்னிப்பாள். நான் வரமாட்டேன் என்று நம்பித்தான் சுகுமாறனின் ஜப்பான் பயணத்தை ரத்து செய்தார்கள். விருந்தினர் வரிசையில் அத்தானும் நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். ஆனால் நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. கடைசி வரிசையில் தாமான் மெலோர் பெண்களோடு உன் நீலச் சேலையைப் பார்த்தேன்.

நான் எழுந்து தீர்மானத்தைச் சொன்னேன். "வழிமொழிபவர் உண்டா?" என்று தலைவர் கேட்டார். சுகுமாறன் அத்தானைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். கை எழவில்லை. நீ அவ்வளவு சொல்லியும் நான் அத்தானைத்தான் பார்த்தேன் அக்கா. வருவார், இப்போது எழுந்து வருவார் என்று சின்னப் பையன் மாதிரி நின்றேன். அவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உன் குரல். மலாயில் பேசினாய், எனக்கு அது தமிழில்தான் காதில் விழுந்தது. "இந்தக் குளத்த மூடறதுன்னு முடிவு பண்ணது இந்த மண்டபத்துல இல்ல. என் வீட்டு சாப்பாட்டு மேசையில. நான்தான் பரிமாறுனேன். தலைவரே, மீன்கறிய நீங்க ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்டீங்க." காவலாளி உன்னை நோக்கி வர, நீ முட்டிவலியோடு படி இறங்கி வந்து, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், எனக்கு நேராக நின்றாய். பிறகு வெளியே கூட்டிப் போய்விட்டார்கள்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சுகுமாறன் கையைத் தூக்கினார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர். வெள்ள ஆய்வு முடியும்வரை குளத்தைத் தொடக்கூடாது என்று ஒத்திவைத்தார்கள். அத்தான் காரில் ஏறிப் போனார்.

நேற்றே பாலர்பள்ளிக்குச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள். கட்சி என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. ஷெர்லி அழவில்லை, அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். குளம் அப்படியே இருக்கிறது. இன்று காலை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உனக்கு இடமில்லை என்று எழுதியிருந்தாயே. எங்கள் வீடு இரண்டாம் மாடி, தண்ணீர் ஏறாது. வந்துவிடு.

கெல்வின்

✝
செந்தூல்
5 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், டொரத்தியின் கட்டில் கொஞ்சம் கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான். ஷெர்லியின் பை வந்து சேர்ந்தது. உன் வீட்டுக்கு வருவேன், ஆனால் உடனே இல்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

உன் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம். அப்படியே எழுதிக் காட்டுகிறேன்:

"✝ அன்பு விவிக்கு, நான் கோபமாக இல்லை. உன் முட்டிவலி மாத்திரை அன்றைக்கு உன் தலையைக் கிறுகிறுக்க வைத்துவிட்டது, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசிவிட்டாய். பத்திரிகைக்காரர்களிடம் இதை மட்டும் சொல். ஊழல் தடுப்பு ஆணையத்தில் கூப்பிட்டாலும் இதையே சொல். மறுநாளே கெல்வினின் பிரச்சினை, பாலர்பள்ளி எல்லாம் சரியாகிவிடும். நேற்று அந்தப் படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். நீ பக்கத்தில் இல்லாமல் அழக்கூட முடியவில்லை. வீட்டுக்கு வா. வாலண்டைன்."

படித்ததும் அழுதேன், மறைக்கமாட்டேன். முப்பது வருஷம் சும்மா போய்விடுமா? அந்தக் கடைசி இரண்டு வரி நிஜமாகக்கூட இருக்கலாம்.

பிறகு அந்தச் சிலுவையைப் பார்த்தேன். அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி அவ்வளவு பெரிசு, அவ்வளவு நேர். நம் வீட்டில் யாரும் அப்படிப் போட்டதில்லை. அவசரத்தில் கிளம்பியவள் ஜெபப் புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டேன். உள்ளே இருந்த உன் கடிதத்தைப் படித்திருக்கிறார். என்னைப் பொய் சொல்லச் சொல்கிற காகிதத்தின் தலையில் கொண்டுபோய்ச் சிலுவையை உட்காரவைத்திருக்கிறார்.

நாளைக் காலை ஆணையத்துக்கு வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். யார் யார் வந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று என் மேசையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். டொரத்தி கூட வருகிறாள். பயமாகத்தான் இருக்கிறது. அது முடிந்ததும் உன் இரண்டாம் மாடிக்கு வருகிறேன். முட்டிக்கு ஒரு நாற்காலியைப் படி நடுவில் போட்டு வை.

அவருக்கும் இன்று பதில் போட்டுவிட்டேன். சின்னக் கடிதம்தான்: "அன்புள்ள உங்களுக்கு, மாத்திரையால்தான் அப்படிப் பேசினேன். நீங்கள் சொன்னபடியே சொல்கிறேன். சீக்கிரம் வீட்டுக்கு வருகிறேன். விவியன்."

மேலே ஒன்றும் போடவில்லை. அவருக்கு இப்போது படிக்கத் தெரியும்.

அக்கா